தொண்ணூறு சொல்லில் ஒரு கல்யாணம்

ஹெட்மாஸ்டர் வீட்டுக் கல்யாணத்திலிருந்து ஹெட்மாஸ்டரையே நீக்கியவன் நான். அதுவும் அவர் கண் முன்னால், ஒரு வகுப்பே கைதட்ட. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் புதிதாக வெட்கம் எதுவும் வேண்டியதில்லை. (அன்றைக்குப் பட்டதே இன்னும் மிச்சமிருக்கிறது.)

எழுபதுகளின் ஆரம்பம். தாம்பரத்தில், ரயில் பாதையை ஒட்டிய பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தமிழ் வாத்தியார். சேர்ந்து ஒரு வருஷம் முடியப் போகிறது. வேலை நிரந்தரமாக வேண்டுமானால் ஹெட்மாஸ்டர் என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புதன்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். அன்றைய பாடம், ஒரு பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுவது.

என் ஏழாம் வகுப்பு படுத்துக்கொண்ட இடமே அதுதான். ஏரிகளின் பயன்கள் பற்றி ஒரு பத்தி கொடுத்துப் பார்த்திருந்தேன். பாதிப் பேர் முதல் மூன்று வரியை அப்படியே எழுதி நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் மூலத்தைவிட நீளமாக எழுதினார்கள். பீர்க்கன்கரணையிலிருந்து வரும் குமார், அவன் மாமா ஏரியில் பிடித்த விராலையும் சேர்த்திருந்தான்.

பிள்ளைகளுக்கு அக்கறை உள்ள விஷயமாகக் கொடுத்தால் என்ன என்று யோசித்தேன். அந்த வாரம் எல்லோர் வீட்டிலும் இருந்தது ஹெட்மாஸ்டர் மகளின் கல்யாணப் பத்திரிகை. பாடமும் ஆச்சு, மனுஷரைக் குளிர வைத்தாற்போலவும் ஆச்சு. (இந்த மாதிரி யோசனையெல்லாம் எனக்கு மட்டும் எப்படித்தான் வருமோ!)

புதன்கிழமை ஹெட்மாஸ்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பத்திரிகை முழுவதையும் கரும்பலகையில் எழுதினேன். பட்டங்களோடு அவர் பெயர் வந்த இடத்தில் லேசாகத் தலையசைத்தார்.

"மொத்தம் தொண்ணூறு சொல். முப்பதாக்கணும்" என்றேன். "எதை எடுத்தாலும் கல்யாணம் நடக்குமோ, அதை எடுத்துடலாம். அவ்வளவுதான் ரூல்."

அந்த ரூலைச் சொன்ன வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முதல் பெஞ்சு எஸ்தர் எழுந்தாள். "சார், 'சுற்றமும் நட்பும் சூழ' எடுத்துடலாமா?"

"எடுத்தா?"

"நடக்கும் சார்!" என்றது வகுப்பு. அழித்தேன். ஹெட்மாஸ்டர் புன்னகை செய்தார்.

"மாப்பிள்ளையோட பி.ஏ.?"

"நடக்கும் சார்!"

"பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா பேரெல்லாம்?"

"சண்டை இல்லாம நடக்கும் சார்!" என்றான் குமார்.

"'தேவ கிருபையால்' சார்?"

நான் ஹெட்மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "அதை எடுத்தா நடக்காது. இருக்கட்டும்" என்றேன். பிழைத்தோம் என்று நினைத்தபோது குமார் மறுபடி எழுந்தான்.

"சார், பொண்ணோட அப்பா பேரு?"

மணி அடிக்காதா என்று ஏங்கினேன். எலக்ட்ரிக் டிரெயின்தான் ஊதிவிட்டுப் போயிற்று.

"டேய், அவர்தானேடா செலவு பண்றார்!"

"பண்ணட்டும் சார். பேரு இல்லாங்காட்டி கல்யாணம் இன்னா நின்னுடவா போவுது?"

"நடக்கும் சார்!" என்று ஐம்பது பேரும் கை தூக்கிக் கத்தினார்கள். ஒரு வருஷத்தில் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கை தூக்கியது அன்றைக்குத்தான். எனக்குப் புல்லரித்துவிட்டது. (சத்தியமாகச் சொல்கிறேன், கை தானாகப் போய் அழித்தது.)

அதற்கப்புறம் யாரும் யாரையும் தடுக்கவில்லை. கடைசியில் பலகையில் நின்றது இதுதான்: 'தேவ கிருபையால் கல்யாணம். வரவும்.'

முப்பது கேட்ட இடத்தில் நான்கே சொல்! வகுப்பு கைதட்டியது.

"எங்கே, எப்போன்னு போட வேண்டாமா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"அது தெரியாட்டியும் நடக்கும் சார்" என்றாள் எஸ்தர், மிகவும் மரியாதையாக.

ஹெட்மாஸ்டர் எழுந்து போய்விட்டார். நான் நீட்டிய படிவத்தை வாங்கிக்கொண்டார்; கையெழுத்துப் போடவில்லை.

போகாமல் இருந்தால் இன்னும் மோசம் என்று சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போனேன். வாசலில் நின்ற ஹெட்மாஸ்டர் பக்கத்திலிருந்த மனைவியிடம், "இவர்தான்" என்றார். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவர் பேரை எடுத்த தம்பியா? பத்திரிகைல எதுக்குங்க இத்தனை பட்டம்னு நானும் சொல்லிப் பார்த்தேன். ஏழாங்கிளாஸ் பிள்ளைங்க சொன்னாத்தான் ஏறுது! போங்க தம்பி, முதல்ல சாப்பிடுங்க."

வேலை போகிறதென்றால் வயிறாவது நிறையட்டும் என்று பிரியாணியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்றைக்கும் ஏதாவது விசேஷத்துக்குக் கிளம்ப நான் தாமதம் செய்தால், "அப்பாவை எடுத்தாலும் நடக்கும்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக் கூட்டம் படியிறங்கிவிடும். ஆனால் அதை முதலில் சொன்னது அவர்கள் இல்லை.

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். மேஜைமேல் என் படிவம். 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். "ஐயா, பெற்ற தாய் தகப்பனுக்கு அடுத்தபடியாக, இந்தப் பள்ளிக்கும், தங்களுக்கும், தங்கள் குடும்பத்தாருக்கும்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரொம்ப நீட்டாதீங்க தம்பி. உங்களை எடுத்துட்டாலும் இந்த ஸ்கூல் நடக்கும்."