எட்டுக்குள் அடங்காத மேளம்

பாரிஸ் நகரத்தில் துடிக்கிற இதயங்கள் அத்தனையும் பிழையான தாளத்தில் துடிக்கின்றன என்று நம்பிய ஒரே மனிதர் ஆதிதாளம் அண்ணை. அவருடைய சொந்தப் பெயர், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவர் மனைவிக்கும் விசா அலுவலகத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

மிருதங்கம் அவர் படித்தது ஒரு வருடம். அதைப் பற்றிப் பேசியது ஆயுள் முழுக்க. மெத்ரோ ரயிலில் தொடையில் தட்டிக்கொண்டே வருவார். பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரி எழும்பி இடம் மாறுவாள். ரூ காய் தெருவில் கொத்துரொட்டிக்காரரின் தகரச் சத்தத்தை மறித்து, "தம்பி, தாளம் தொடங்கிற சமத்திலை வந்து விழேல்லை. திருப்பிக் கொத்து" என்பார். ரொட்டி கூழாகும்வரை கொத்தவைத்துவிட்டு, "பல்லில்லாதவனுக்கோ குடுக்கிறாய்?" என்று கோபிப்பார்.

அவருடைய வேதம் இதுதான்: "ஆதிதாளத்தின்ரை எட்டு அட்சரத்துக்குள்ளை அடங்காத சத்தம் உலகத்திலை இல்லை. அடங்காட்டி அது சத்தமில்லை, சனியன்."

நானும் அண்ணையும் பாரிஸ் புறநகரான ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் கிட்டங்கியில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தோம். அங்கே வந்து சேர்ந்தான் பக்காரி. மாலி நாட்டுக் கிராமத்தான். ஆள் உயரம், தற்பெருமை அதைவிட உயரம். சாப்பாட்டு நேரத்தில் வெற்றுப் பெட்டியைக் கவிழ்த்து அடித்தான் என்றால் தகரக் கூரை எழும்பி உட்காரும். அண்ணை விரல் மடித்து எண்ணினார். எண்ணினார். விரல்கள் தீர்ந்தன.

"எத்தனை அட்சரமடா இது?" என்று ஓட்டைப் பிரெஞ்சில் உறுமினார்.

"அதை ஏன் கேட்கிறாய்? யார் ஆடுகிறார்கள் என்று கேள்," என்றான் பக்காரி.

அவர்கள் ஊரில் இசை என்று தனியாக ஒரு சொல்லே இல்லையாம். தானியம் அடிக்கிற மேளம், பெண் அழைக்கிற மேளம், மல்லுக்கட்டுகிற மேளம். காரியத்தின் பெயர்தான் மேளத்தின் பெயர். சரி, பிழை கிடையாது. சூடு, குளிர் மட்டும்தான். ஆடுகிறவளின் கால் பேசும், மேளம் கேட்டு நடக்கும். கைதட்டுகிற பெண்களும் வாத்தியக்காரர்தான். சும்மா இருந்து பார்க்கிறவனுக்கு அங்கே ஒரு பெயரும் இல்லை.

"உன்னுடைய மேளம் ஐஸ் பெட்டி," என்று அண்ணையின் தொடையைக் காட்டினான்.

அண்ணையின் முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பினார். "காலுக்குப் பின்னாலை மேளம் போறதோ? மாப்பிள்ளைக்குத் தாலி கட்டின மாதிரியல்லோ கிடக்கு! உவனுக்குக் காட்டுறன் பொறு!"

காட்டுவதற்கு அவர் பிடித்த மேடை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா. பக்காரியும் அவன் கூட்டாளிகளும் அடிக்க, தான் பக்கத்தில் நின்று அதை எட்டுக்குள் அடக்கி விளக்கப்போவதாக அறிவித்தார். சங்கத் தலைவர் நகைக்கடைக்காரர். கழுத்திலும் பேச்சிலும் பாரம்.

"அண்ணை, மானம் போச்செண்டால் உங்கடை ஞாயிற்றுக்கிழமை மிருதங்க வகுப்பை இழுத்து மூடிப்போடுவம். சொல்லிப்போட்டன்."

"மூடுங்கோ! பூட்டும் நானே வாங்கித் தாறன்."

வாய்தான். அந்த வகுப்பு இல்லாவிட்டால் அவர் பெட்டி இறக்குகிற ஒரு கிழவர், அவ்வளவே. அது அவருக்கும் தெரியும்.

விழாவில் பக்காரி அடித்தான். சனம் சும்மா இருந்தது. எங்கள் சனம் இருப்பதை நீங்கள் பார்க்கவேண்டும்! ஊரில் போர் முடிந்த 2009க்குப் பிறகு மண்டபம் என்றாலே அஞ்சலிக் கூட்டம். கைகட்டி, தலைகுனிந்து, மௌனம் காப்பதில் தேர்ச்சி பெற்றுவிட்டோம். பட்டுச்சேலை ஒன்றும் அசையவில்லை. பக்காரி சட்டென்று நிறுத்தினான். முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள்.

"இவர்கள் எந்தப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்?" என்று அண்ணையைக் கேட்டான். "பதில் சொல்ல ஒரு காலும் இல்லை. நான் இறங்குகிறேன்."

முன்வரிசையில் தலைவர் எழும்பிக் கையை நீட்டினார். "காணும் அண்ணை. வகுப்புப் பூட்டின்ரை திறப்பைத் தாங்கோ."

அண்ணை மைக்கைப் பார்த்தார். பக்காரியைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார்.

ஆடினார் என்பது என் பெருந்தன்மை. நனைந்த கோழி அடுப்படிக்குள் அகப்பட்டதுபோல் ஒரு துள்ளல். வலது கால் ஒரு தாளம், இடது கால் வேறொரு நாடு. ஊருக்கே தாளம் திருத்திய மனிதருக்கு ஓர் அடியும் சமத்தில் விழவில்லை.

"ஆதிதாளத்துக்குப் பேய் பிடிச்சிட்டுது!" என்று பின்வரிசையில் யாரோ கத்தச் சிரிப்பு எழுந்தது. அவர் நிறுத்தவில்லை. மூச்சு வாங்க, கண்ணாடி நழுவ, துள்ளிக்கொண்டே இருந்தார்.

பக்காரி அந்தக் கால்களைப் பார்த்தான். குனிந்தான். அவை தவறிய இடத்தில் தவறி, தடுமாறிய இடத்தில் தடுமாறி, மெல்ல மேளத்தை அந்தக் கால்களுக்குப் பின்னால் விட்டான். பிழையெல்லாம் கூடி ஒரு நடை ஆயிற்று.

தலைவரின் கை நீட்டியபடியே நின்றது. அவருடைய மனைவி அவரைத் தாண்டி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைதட்டியபடி மேடைப்படி ஏறினார். வகுப்பை மூடுகிற கதையை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

ஆதிதாளம் அண்ணையை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது, இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அவர் அங்கே தனியாகத் துள்ளுவதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மேடையேறி, அவருக்குப் பக்கத்தில், அவர் தவறிய அதே இடங்களில் நானும் தவறித் துள்ளினேன்.