அண்ணன் வைத்த குறிமுள்ளை நான் அசைத்தது பற்றி

ஹான்காக், மிச்சிகன்
செப்டம்பர் கடைசி ஞாயிறு

பெருமதிப்பிற்குரிய சைமி அண்ணிக்கு, கொழுந்தன் ரெய்னோவின் அடக்கமான வணக்கம்.

இங்கே நானும் டெல்ஃபீனும் சுகம். ஏரிக்காற்று குளிர ஆரம்பித்துவிட்டது, உருளைக்கிழங்கு தோண்டியாயிற்று, என் முழங்கால் நேற்று பரவாயில்லை, இன்று இல்லை. மகள் வீட்டில் உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். துலூத் நகரத்து மாடிப்படிகளில் பார்த்து இறங்குங்கள். இனி எழுதப்போவதைத் தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

நீங்கள் ஊரைவிட்டுப் போகும்போது, மறைந்த அண்ணனின் வில்லை என் கையில் கொடுத்து, "சர்ச் விருந்துக்கு இந்த வருஷமும் உர்ஹோ வில்லுல விழுந்த மான்தான் வரணும், ரெய்னோ"ன்னு சொன்னீர்களே, அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. வேட்டை தொடங்க இன்னும் சில நாள்தான். வைக்கோல் கட்டை நம் நீராவிக் குளியல் சானா அறைக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதில் காகிதத் தட்டைக் குத்தி, அண்ணன் எப்படி நிற்பாரோ அப்படியே நின்று, குறி பார்ப்பதற்காக வில்லில் திருகியிருக்கும் பச்சைக் குறிமுள்ளைத் தட்டின் நடுவுக்கு நேராகப் பிடித்து முதல் அம்பை விட்டேன். அது தட்டிலும் படவில்லை, வைக்கோலிலும் படவில்லை. இடப்பக்கம் தாழ்வாகப் போய்ச் சானா கதவில் குத்தி நின்று ஆடியது. உள்ளே பக்கத்து வீட்டு கோர்டி குளித்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டுச் சானா புகைபோக்கி அடைத்துக்கொண்டதால் இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில்தான். அப்புறம் உள்ளேயிருந்து நிதானமாகக் கேட்டார், "ரெய்னோ, நான் வெளிய வரலாமா, இல்ல இங்கயே வெந்து முடியட்டுமா?"

அடுத்த அம்பும் இடப்பக்கம், தாழ்வு. அதற்கடுத்ததும் அப்படியே. ஒன்று டெல்ஃபீன் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பை விறகு அடுக்கோடு சேர்த்துத் தைத்துவிட்டது. வில்லை டுவேனின் வேட்டைச் சாமான் கடைக்குக் கொண்டுபோனேன். அவன் நாணையும் அது ஓடுகிற கப்பிகளையும் சோதித்துவிட்டு, "வில்லுல ஒண்ணும் இல்ல பெரியவரே. முள்ளை நகத்துங்க. அம்பு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே முள்ளையும் கொண்டுபோகணும். இடது பக்கம் போனா இடது, கீழ போனா கீழ. அவ்வளவுதான். குடுங்க, நானே பண்றேன்"னு திருகுசாவியை எடுத்தான். நான் வில்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் கடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கட்டும். அண்ணி, அந்த முள் நிற்கிற இடம் அண்ணனின் கண் நின்ற இடம். அவருடைய சட்டைகளைக் கொடுத்துவிட்டீர்கள், படகையும் விற்றாயிற்று. இந்த உலகத்தை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு அந்த ஒரு முள்தான் மிச்சம் என்று எனக்குப் பட்டது. அதை நான் திருகுவதா?

ஆகவே முள்ளை விட்டுவிட்டு என்னை மாற்றிக்கொள்ளத் தொடங்கினேன். தலையைச் சாய்த்தேன். அவரைப் போலவே தாடியை மழித்தேன். நாங்கள் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு வளர்ந்தவர்கள், கை நீளம் ஒன்றுதான். பிறகு ஒரு யோசனை வந்தது. கடைசி வருஷம் அண்ணனுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்ததல்லவா, அந்தக் கன்னத்துக்குத்தானே நாணை இழுத்துக் குறி வைத்திருப்பார்? பல்செட்டைக் கழற்றி வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு எய்தேன். நம்புங்கள், அம்பு கொஞ்சம் கிட்டே வந்தது. வைக்கோலின் ஓரத்தில் பட்டது. சந்தோஷத்தில் திரும்பினால் பல்செட்டை ஒரு காக்கை கொத்திக்கொண்டிருக்கிறது. அதைத் துரத்திக்கொண்டு நான் ஓடியதைக் கோர்டி துண்டோடு நின்று முழுக்கப் பார்த்தார்.

டெல்ஃபீன் அப்போதுதான் வெளியே வந்தாள். சிரிக்கவில்லை. பல்செட்டைக் கழுவி என் கையில் கொடுத்துவிட்டு விறகுக்கட்டையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, மானுக்கு உங்க அண்ணனைத் தெரியுமா?"

"தெரியாது."

"இந்த முள்ளை வச்சு நீங்க எய்தா அதுக்கு எங்க படும்?"

நான் பல்செட்டை வாயில் பொருத்திக்கொண்டேன்.

"வயித்துல படும். அது ஓடி எங்கயோ புதருக்குள்ள கிடந்து கிடந்து சாகும். நீங்களும் கண்டுபிடிக்க மாட்டீங்க. உர்ஹோ அப்படி ஒரு மானையாவது விட்டிருக்காரா? அவர் முள்ளைக் காப்பாத்துறேன்னு அவர் பேரைக் கெடுக்காதீங்க."

திருகுசாவியை எடுத்தேன். தொப்பியைக் கழற்றினேன், ஏனென்று தெரியாது. முள்ளை இடப்பக்கம் கொஞ்சம், கீழே கொஞ்சம் நகர்த்தினேன். எய்தேன். இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். கடைசியாக விட்ட அம்புகள் தட்டின் நடுவில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. கோர்டி கைதட்டினார். எனக்கு அண்ணனை இரண்டாம் தடவை புதைத்த மாதிரி இருந்தது. சானாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே முகம் நனைந்திருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

விருந்துக்கு மான் வரும். ஆனால் அது உர்ஹோவின் குறி இல்லை, என் குறி. இதை உங்களிடம் மறைத்து அந்த மேஜையில் உட்கார என்னால் முடியாது. மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள். ஆண்டவர் உங்களையும் மகளையும் மருமகனையும் குளிரிலும் வழுக்குப் பாதையிலும் காக்கட்டும். டெல்ஃபீன் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள், கோர்டியும்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
ரெய்னோ லாஹ்டினன்

பின்குறிப்பு: உறையை ஒட்டியாகிவிட்டதால் இதை அதன் முதுகில் எழுதுகிறேன், தபால்காரர் படித்தால் படிக்கட்டும். இப்போதுதான் நீங்கள் போனில் பேசி வைத்தீர்கள். "சொல்ல மறந்தே போச்சு ரெய்னோ, உங்க வீட்டுக்கு வர வழியில டிரக் பின்கதவு திறந்துக்கிட்டு வில்லு ரோட்டுல விழுந்துருச்சு. அந்த முள்ளு கழண்டு தொங்குச்சு. அவர் பொருள் அப்படித் தொங்குறதப் பாக்க முடியல. ஏதோ கண் மதிப்புல வச்சு நானே இறுக்கிட்டேன்" என்றீர்கள். நான் "நல்லா இறுக்கியிருந்தீங்க அண்ணி" என்று மட்டும் சொன்னேன். அது உபசாரத்துக்குச் சொன்னதல்ல. அந்தத் திருகைத் தளர்த்த எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.