மலை ஏறாத பல்சக்கரமும் மாமன் மடியும்

தாய்மாமன் பதவிக்குப் படிப்பு வேண்டாம், முன் அனுபவம் வேண்டாம். கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்து அவளுக்கு ஒரு குழந்தையும் பிறந்துவிட்டால் வேலை உத்தரவு தானாக வந்துவிடும். குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தும் நாளில் அவனிடம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: குழந்தையை வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார ஒரு மடி. அந்த மடியைத்தான் அன்று காலை ஜவ்வாது மலைச் சாலையில் நாசம் செய்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். (மடி என்ன தனி உறுப்பா என்று கேட்காதீர்கள். தொடை இரண்டும் போனால் மடியும் போனதுதான்.)

நான் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். தொப்பை சட்டையை முந்திக்கொண்டு வகுப்புக்குள் நுழைய ஆரம்பித்ததும் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். மலையேறும் வகை. பெடலோடு சேர்ந்து முன்னால் மூன்று பல்சக்கரங்கள், பின்னால் ஏழு. தினமும் விடிகாலையில் கிரிவலப் பாதையை ஒரு சுற்று. முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் செயினைப் போட்டால் கால் மிக்ஸி மாதிரி சுற்றியது, வண்டி மட்டும் நகரவில்லை. அடி அண்ணாமலை டீக்கடை அருகே, செருப்பில்லாமல் நடந்து வந்த ஒரு வேட்டிக்காரர் என்னை நிதானமாகத் தாண்டிப் போனார். தாண்டியபின் திரும்பி ஒரு பார்வை வேறு பார்த்தார்.

அன்றே முடிவு செய்தேன். சின்னது கேவலம், பெரியது கம்பீரம். சைக்கிள் கடையில் முன்னாலிருந்த சிறிய சக்கரங்கள் இரண்டையும் கழற்றச் சொல்லி, பெரியதை மட்டும் விட்டுவைத்தேன். செயினை மாற்றித் தள்ளும் கம்பியும் இனி எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டேன். வெளிநாட்டு வீடியோக்களில் வீரர்கள் முன்னால் ஒற்றைப் பல்சக்கரத்தோடுதான் மலை ஏறுகிறார்கள். (அந்த ஒற்றை எவ்வளவு சிறியது, பின்னால் இருப்பது எப்படிச் சாப்பாட்டுத் தட்டு அளவு என்பதை நான் கவனிக்கவில்லை. பின்னணி இசை அப்படி.)

எங்கள் கல்லூரி இயற்பியல்காரன் ரமேஷ் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"டேய், மேடு ஏறணும்னா முன்னாடி சின்னது, பின்னாடி பெருசு இருக்கணும்டா. கால் ஜாஸ்தி சுத்தும், ஆனா பாரம் கம்மி. நீ தலகீழா பண்ணி வெச்சிருக்க."

"பெரிய சக்கரம்னா ஒரு மிதிக்கு நிறைய தூரம் போகும். கணக்கு எனக்குத் தெரியும்" என்றேன்.

"தூரம் போகும். மிதிக்கிறது யாரு, உங்கப்பனா?"

விகிதம் என்ற பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவனிடம் இப்படிப் பேசலாமா? எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் அவனோடு டீ குடிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அக்கா வசந்தியின் பெண் யாழினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். அக்காவைக் கொடுத்திருப்பது கீழ்பென்னாத்தூரில். அவர்கள் குலதெய்வமான முனீஸ்வரன் இருப்பதோ ஜவ்வாது மலைமேல். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

அக்கா வீட்டில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. வளைகாப்புக்குப் பந்தி முடிந்தபின் போனேன். பெயர் வைக்கும் நாளில் குழந்தைக்குப் பெயர் வைத்து அது தூங்கியும் விட்டபின் போனேன். அப்பா இல்லாத வீட்டில் ஒரே ஆண் நான். நான் நேரத்துக்குப் போகாவிட்டால் அக்காவுக்குப் பிறந்த வீடே இல்லாத மாதிரி. அக்கா வீட்டுக்காரரின் அண்ணன் குமரேசன், நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன், இதைச் சொல்லிக் காட்ட எந்த விசேஷத்தையும் தவறவிட்டதில்லை. அக்கா வீட்டில் காதுகுத்துக்கு நாள் குறித்த அன்றும் ஆரம்பித்தார்.

"இன்னா மாப்ள, இந்த வாட்டியாவது வருவியா? இல்ல, பாப்பாவ என் மடியிலயே உக்கார வெச்சுக்கட்டா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க வேனுக்கு முன்னாடி நான் மேல இருப்பேன் மாமா. சைக்கிள்லயே வரேன்."

இதைச் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. வாசல்வரை வந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விளையாடாதடா சரவணா. இந்த ஒரு தடவ நேரத்துக்கு வந்துடு. நான் வேற எதுவும் கேக்கல" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. வந்துவிடுவேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். போதாததற்கு, மாமன் கையால்தான் தர வேண்டும் என்று குழந்தையின் தங்கக் கம்மலையும் அம்மாவிடம் கொடுக்காமல் என் இடுப்புப் பையிலேயே வைத்துக்கொண்டேன். ஆக, நான் போகாவிட்டால் மடியும் இல்லை, கம்மலும் இல்லை.

வெள்ளிக்கிழமை இருட்டோடு கிளம்பினேன். போளூர்வரை சாலை தாம்பாளம் மாதிரி இருந்தது. பெரிய பல்சக்கரம் பறந்தது. ரமேஷை நினைத்துச் சிரித்தேன். வழியில் நிறுத்தி இட்லி சாப்பிட்டு, என்னையே ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

அடிவாரத்தில் முதல் மேடு தொடங்கியது. பின்னால் இருப்பதிலேயே பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினேன். போதவில்லை. எழுந்து நின்று மிதித்தேன். பெடல் சிமெண்டில் புதைத்தது போல மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு மிதிக்கு நிறைய தூரம்தான், சந்தேகமில்லை. அந்த ஒரு மிதியை மிதிக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

முதல் வளைவிலேயே பின்னால் ஹாரன் கேட்டது. அக்கா வீட்டு வேன். மேளக்காரர் முதல் சமையல்காரர்வரை எல்லோரும் ஜன்னலில் தலை நீட்டிப் பார்த்தார்கள்.

"மாப்ள, சைக்கிள மேல கட்டிக்கலாம், ஏறு!" என்றார் பெரிய மாமா. சத்தியமாக அப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை.

"நீங்க போங்க மாமா. பின்னாலயே வந்துடறேன்" என்றேன். மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்கப் பற்களைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அக்கா குழந்தையோடு ஜன்னல் வழியாக என்னையே பார்த்தபடி போனாள். வேன் மறைந்ததும் இறங்கிச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை மிதித்தது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் மிதிப்பேன், நிறைய தள்ளுவேன். குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் செயின் கழன்று உள்பக்கம் விழுந்தது. அதைப் பிடித்து நிறுத்தக்கூடிய கம்பியைத்தான் நானே கழற்றி எறிந்துவிட்டேனே. ஒவ்வொரு முறையும் குனிந்து மாட்டியதில் கை கறுத்து, அந்தக் கையால் நெற்றியைத் துடைத்ததில் முகமும் கறுத்தது. ஜமுனாமரத்தூர் பேருந்து ஒன்று பிதுங்கி வழிந்துகொண்டு என்னைத் தாண்டிப் போனது. கை காட்டினேன். நடத்துநரும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வளைவில் திடீரென்று சிக்னல் கிடைத்து போன் அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்க?"

"பக்கத்துல வந்துட்டேன்க்கா. அடுத்த வளைவுதான்."

எனக்கும் அடுத்த வளைவுக்கும் இருந்த உறவு வேறு, கோயிலுக்கும் அடுத்த வளைவுக்கும் இருந்த உறவு வேறு. உண்மையைச் சொல்லியிருந்தால் வேனை அனுப்பியிருப்பார்கள். ஆனால் வழியில் நிற்கிறவன் எவனாவது போனில் உண்மை சொன்னதுண்டா? சிக்னல் போய்விட்டது. நான் பொய்யோடும் சைக்கிளோடும் தனியாக நின்றேன். கம்மல் இருக்கிறதா என்று பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒருமுறை கைக்குத் தட்டுப்படாமல் உயிரே போய், பையைக் கவிழ்த்துப் பார்த்தால் அது கடலைமிட்டாய் உறைக்குள் ஒளிந்திருந்தது.

அடுத்த அழைப்பு வந்தபோது பின்னால் மேளச் சத்தம் கேட்டது. அக்கா கிசுகிசுத்தாள்.

"டேய், ஐயர் மணி பாக்கறாரு. பெரிய மாமா மனைல வந்து உக்காந்துட்டாரு. அவர் மடியிலயே வெச்சு மொட்ட அடிச்சுடலாம்னு பேசறாங்கடா. கம்மலுக்கு இன்னாடா பண்றது? என்னால தடுக்க முடியல."

அவள் அழுதுகொண்டிருந்தாள். இனிமேல் அந்த வீட்டில் அவள் எப்படி நடமாடுவாள் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அஞ்சு நிமிஷம் பிடிச்சு வை. வரேன்" என்றேன்.

மிச்சம் இருந்தது ஒரு நீண்ட செங்குத்தான ஏற்றம், அதற்குமேல் சமதரை. தள்ளிக்கொண்டு போனால் முடியாது. ஏறி நின்று மிதித்தேன். அந்தப் பெரிய பல்சக்கரத்தை என் முழு எடையோடு, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லி மிதித்தேன். முனீஸ்வரனைக் கூப்பிட்டேன், அண்ணாமலையாரைக் கூப்பிட்டேன், ரமேஷைக்கூடக் கூப்பிட்டேன். தொடைக்குள் யாரோ துணி பிழிவது போல இருந்தது. நிறுத்தினால் மறுபடி கிளப்ப முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை.

கோயில் பந்தலுக்குள் சைக்கிளோடு நுழைந்தேன். பிரேக் பிடிக்கும் தெம்பு இல்லாமல் வாழைமரத்தில் மோதி நின்றேன். முகமெல்லாம் கிரீஸ். குழந்தை பெரிய மாமா மடியில் இருந்தது. சவரக்கத்தி இன்னும் தலையில் படவில்லை.

"இறக்குங்க. மாமன் வந்துட்டான்" என்றார் ஐயர்.

பெரிய மாமா எழுந்து இடம் விட்டார். யாழினியை என் மடியில் வைத்தார்கள். என் கறுத்த முகத்தைப் பார்த்து அவள் உதட்டைப் பிதுக்கினாள். அப்போதுதான் இடது தொடைக்குள் ஏதோ சுருண்டு துள்ளியது.

என் மடியில் ஒரு வயதுக் குழந்தை. அதன் தலையில் சவரக்கத்தி. கீழே துடிக்கும் தொடை. என் வாழ்நாளில் அதற்குமுன்னும் பின்னும் அப்படிப் பயந்ததில்லை. மூச்சைப் பிடித்து, கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, வலியைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டேன். கத்தி ஒவ்வொரு முறை இழுபடும்போதும் என் உயிர் போய் வந்தது. மொட்டை ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது.

அடுத்து ஆசாரி. இடுப்புப் பையிலிருந்து கம்மலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வலது காது. தாங்கினேன். இடது காதில் அவர் கம்மலைக் குத்தியதும், இரண்டு தொடையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன.

"ஐயோ! அம்மா!" என்று கத்தினேன். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. மேளம் நின்றுவிட்டது. அழ வாயைத் திறந்த யாழினி, மாமன் முந்திக்கொண்டதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். பிறகு பிஞ்சு விரலால் என் ஈரக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

முதலில் பேசியவர் பெரிய மாமா.

"பாத்தீங்களாய்யா! மருமவளுக்குக் குத்தினா மாமனுக்கு வலிக்குது. இவனப் போயி நான் இன்னா இன்னாமோ சொல்லிட்டேனே!" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அக்காவின் மாமியார் அவளை அணைத்து, "கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும்டி" என்றார்.

அக்கா கம்மலைச் சரி செய்வது போல என் அருகே குனிந்தாள்.

"கால் புடிச்சுக்கிச்சா?"

தலையசைத்தேன்.

"நிறுத்தாத. அப்படியே அழு."

அழுதேன். வலிக்குக் கொஞ்சம், அவள் முகத்தில் அத்தனை நாள் கழித்து வந்த நிம்மதியைப் பார்த்துக் கொஞ்சம். திரும்பும்போது நான் வேனில் படுத்துக்கொண்டு வந்தேன். சைக்கிள் கூரைமேல் வந்தது. வழிநெடுக என் கால்களைப் பிடித்துவிட்டவர் பெரிய மாமா.

மறு வாரமே முன்னால் சின்னப் பல்சக்கரத்தை மாட்டிக்கொண்டேன். யார் தாண்டிப் போனாலும் இப்போது கவலையில்லை. ஆனால் அந்த அழுகையைக் கழற்ற முடியவில்லை. கீழ்பென்னாத்தூர் சொந்தத்தில் எந்தக் காதுகுத்து நடந்தாலும் பெரிய மாமா இந்தக் கதையைச் சொல்கிறார். பிறகு எல்லோரும் மடியில் குழந்தையோடு இருக்கும் மாமன் முகத்தையே பார்க்கிறார்கள். போன வருடம் ஒரு பாவப்பட்ட மாமன் கண்ணில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இன்றைக்கும் அவனைக் கல்நெஞ்சக்காரன் என்கிறார்கள். அவன் முறைப்பது என்னைத்தான்.

உண்மை எங்கள் வீட்டோடு சரி. இப்போது அக்காவின் சின்னவனுக்கு அதே கோயிலில் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். அக்கா போன் செய்தாள்.

"இந்த வாட்டி வேன்லயே வாடா. ஆனா அழுதுடணும். பொண்ணுக்கு அழுதுட்டு பையனுக்கு அழலேன்னா அதுக்கு ஒரு பஞ்சாயத்து வெப்பாங்க."

கால் நல்லா இருக்கும்போது எப்படிக்கா அழுகை வரும் என்றேன். பக்கத்திலிருந்து யாழினி போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு இப்போது ஆறு வயது.

"கவலப்படாத மாமா. நான் உன் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். ஆசாரி குத்தும்போது தொடையில கிள்ளிடறேன்."