டெரிக் சாருக்கு அடித்த ஸ்கா

சவப்பெட்டிக்குள் டெரிக் சார். பெட்டியைத் தோளில் தூக்கிய ஆறு பேர், எல்லாரும் ரயில்வேயில் அவரோடு வேலை பார்த்தவர்கள். பின்னால் அவர் மனைவி ஐரிஸ் அம்மா. முன்னால் எங்கள் பேண்டு செட்: டிரம்பெட்டோடு மாஸ்டர், பெரிய டிரம்மோடு ஏழுமலை, சின்ன டிரம்மோடு நான். எண்பத்தெட்டாம் வருஷம், மேற்குத் தாம்பரம். அன்று நடந்ததற்கு நான்தான் காரணம். ஒப்புக்கொள்கிறேன்.

டெரிக் சார் ரிட்டயரான ரயில் கார்டு. அவரிடம் ஒரு கேசட் இருந்தது. அதிலிருந்த இசையை ஸ்கா என்பார். ரெக்கே இசைக்கே அப்பன் என்பார். ஜமைக்காக்காரர்கள் அமெரிக்க ரேடியோவைக் கேட்டு, தங்கள் ஊர்த் தாளத்தைக் கலந்து செய்ததாம். கொஞ்ச வருஷத்தில் அடங்கிப்போனதாம். அப்புறம் இங்கிலாந்தில் கறுப்பர்களும் வெள்ளைக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து வாசித்தார்களாம்.

"செத்தத எழுப்பிட்டானுங்க மேன். கால் தரையில வுழுறப்ப சும்மா இரு. தூக்குறப்ப அடி. அவ்ளோதான்."

படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்தார். "எனக்கு அழுமூஞ்சிப் பாட்டு வேணாம். நீ ஸ்கா அடி. ப்ராமிஸ்?"

"சரி சார்."

(எனக்கு முடியாது என்று சொல்ல வராது. அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்தச் சொன்னபோதும் சரி என்றுதான் சொன்னேன்.)

மாஸ்டரிடம் கேட்டேன். "சாவுல ஒன் வேலையெல்லாம் வெச்சுக்காத," என்றார். வைத்துக்கொண்டேன்.

பெட்டி தூக்குகிறவர்கள் டிரம்மைக் கேட்டுத்தான் கால் வைப்பார்கள். ஆறு பேருக்கும் ஒரே கால். இது எனக்குத் தெரியும். அதுதான் என் வேலையே. ஆனாலும் வாசல் தாண்டியதும் ஸ்கா அடித்தேன்.

வலப்பக்கம் மூன்று பேர் என் டிரம்மோடு வந்தார்கள். இடப்பக்கம் மூன்று பேர் பழைய காலிலேயே போனார்கள். பெட்டி தொட்டில் மாதிரி ஆடியது.

"டேய், இன்னாடா அடிக்கிற!" என்று ஒருவர் கத்தினார். பாராட்டு என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன்.

பெட்டி விழுந்தது. மூடி திறக்கவில்லை.

ஐரிஸ் அம்மா வந்து பெட்டியைத் தடவினார். "உயிரோட இருந்தப்பவும் இந்த மனுஷன் ஆடினா விழுவாரு," என்று சிரித்தார். பிறகு அழுதார். அதுவரை அவர் அழவில்லை.

மாஸ்டர் என் குச்சிகளைப் பிடுங்கினார். "வூட்டுக்குப் போ."

கல்லறை வரை அழுமூஞ்சிப் பாட்டுதான். நான் வெறுங்கையோடு கடைசியில் நடந்தேன்.

இன்றும் நான் யாரிடமாவது சரி என்றால், என் மனைவி பிள்ளைகளைப் பார்த்து, "பெட்டியப் பத்திரமா புடிங்கடா," என்கிறாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் தனியாக டெரிக் சார் வீட்டுக்குப் போனேன். வாசலிலிருந்து பெட்டி விழுந்த இடம் வரை எண்ணிக்கொண்டே நடந்தேன். டெரிக் சார் ஸ்காவோடு போன தூரம் அது.

பதினாலு காலடி.