சாப்பாட்டு ஜெபத்தில் ஓர் இடம்

ஜோசுவாவின் நிம்மதி ஒரு தட்டு உப்புமாவில் போனது.

நாலு வயது மகள் ஜெமிமா அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தானாகவே சாப்பாட்டு ஜெபம் செய்தாள். கையைக் கூப்பி, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணால் உப்புமாவைக் காவல் காத்தபடி, "இயேசப்பா, அம்மா செஞ்ச சாப்பாட்டுக்கு நன்றி. அம்மாவ ஆசீர்வதியும். ஆமென்" என்றாள்.

சலோமி மகளை அள்ளி முத்தம் கொடுத்தாள். ஜோசுவா ஆமென் சொல்லத் திறந்த வாயை மூடவில்லை.

"அப்பாவ விட்டுட்டியே கண்ணு?"

"நீ ஒண்ணும் செய்யலியே" என்றாள் ஜெமிமா.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிற சூப்பர்வைசர் அவன். சொந்த மகளின் நாலு வரி ஜெபத்துக்குள் அவனால் நுழைய முடியவில்லை. மதியம் ரசத்துக்கும் அம்மா. ராத்திரி தோசைக்கும் அம்மா. புதன்கிழமை பக்கத்து வீட்டு ஜஹீதா பாயசம் கொடுத்தனுப்பினாள்; ஜெபத்தில் அவளும் ஏறிவிட்டாள். ஜோசுவாவுக்கு வயிறு எரிந்தது. பெண்டாட்டி மேல் பொறாமை, பக்கத்து வீட்டுக்காரி மேல் பொறாமை, கடைசியில் பாயசத்தின் மேலேயே பொறாமை. பெற்ற பிள்ளை கடவுளோடு பேசக் கற்றுக்கொண்டு, ஊரையெல்லாம் சொல்லி அப்பனை மட்டும் சொல்லாவிட்டால் யாருக்குத்தான் தாங்கும்?

"நீதான அப்படி சொல்லிக் குடுத்த?" என்று சலோமியிடம் பாய்ந்தான்.

"இன்னாத்த?"

"அம்மா செஞ்ச சாப்பாடுன்னு."

"வேற யாரு செஞ்சாங்க? சொல்லுங்க, சேத்துக்கச் சொல்றேன்."

"அரிசி வாங்கிப் போட்டது யாரு?"

"இயேசப்பா குடுத்தார்னு சண்டே ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. டீச்சராண்ட போய் சண்ட போடுங்க."

"சரி. ஞாயித்துக்கெழம நான் சமைக்கிறேன். பிரியாணி."

வெந்நீர் வைத்தாலே அடிபிடிக்க வைக்கிற ஆள். சலோமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "செய்ங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டபோதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

அவனோ ஜஹீதாவின் கணவன் நசீர் அகமதுவைத் தேடிப் போனான். "தோஸ்த், ஜஹீதா பாபியாண்ட சொல்லி ஒரு தேக்சா பிரியாணி. வெளிய தெரியக் கூடாது."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராது" என்றான் நசீர். அவன் சொன்ன சொல் தவறாதவன்.

ஞாயிறு காலை ஜோசுவா முதல் ஆராதனைக்கே போய்விட்டு வந்தான். சலோமியும் ஜெமிமாவும் இரண்டாவது ஆராதனைக்குக் கிளம்பியதும் பின்வாசல் வழியாகத் தேக்சா வந்தது. பிரியாணியைத் தன் வீட்டுக் குண்டானில் கொட்டினான். வெங்காயத் தோலைச் சமையற்கட்டெங்கும் இறைத்தான். மிளகாய்த் தூளைப் பனியனில் தடவிக்கொண்டான். அது மார்பில் எரிந்தது. பொறுத்துக்கொண்டான்.

மதியம் ஜெமிமா பிரியாணி வாசனையில் இரண்டு கண்ணையும் மூடினாள். "இயேசப்பா, அப்பா செஞ்ச பிரியாணிக்கு நன்றி. அப்பாவ ஆசீர்வதியும். தெனமும் அப்பாவே சமைக்கணும்."

"ஆமென்!" என்றான் ஜோசுவா, தெருவுக்கே கேட்கும்படி. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் இனி வேண்டியது ஒன்றுமில்லை என்று தோன்றியது.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது சலோமி மெதுவாக ஆரம்பித்தாள். "நேத்து ஜஹீதா அக்கா செவுத்தாண்ட வந்து நின்னாங்க. ‘உன் வூட்டுக்காரர் நாளைக்கு பிரியாணி செய்யப் போறாராமே, காரம் ஜாஸ்தி போடட்டுமா கம்மியா போடட்டுமா’ன்னு கேட்டாங்க. பாப்பா சாப்பிடணுமே, கம்மியா போடுங்கன்னேன்."

ஜோசுவாவின் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. "பாப்பாவாண்ட சொல்லிடாத சலோமி."

"நான் ஏன் சொல்றேன்? ஆனா புள்ள மொத மொதல்ல ஆண்டவராண்ட ஒண்ணு கேட்டுருக்கா. அப்பாவே தெனமும் சமைக்கணும்னு. கேட்டது கெடைக்கலேன்னா அதுக்கு ஜெபத்து மேல நம்பிக்க வருமா?"

"அத்த ஆண்டவர் பாத்துக்குவாரு."

"அவரு வந்து அடுப்பாண்ட நிப்பாரா? நீங்கதான ஆமென் சொன்னீங்க. அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். தெரு பூரா கேட்டுச்சு."

யோசித்துப் பார்த்தான். சிக்கிக்கொண்டது புரிந்தது. "தெனமும்னு அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"சர்ச்சுக்கு போற வழில சும்மா பேசிக்கினே போனோம்" என்று சலோமி கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வேலைக்கும் போணும், பாவம். காலைல டிபன் மட்டும் போதும்."

திங்கட்கிழமை விடியற்காலை ஜோசுவா பொங்கல் வைத்தான். இரண்டு தடவை தீய்ந்தது. மூன்றாவதை ஒருவழியாகத் தட்டில் பெயர்த்துப் போட்டான். சலோமி காலை நீட்டி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஜோசுவா மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு, தன் பெயருக்காகக் காத்திருந்தான்.

ஜெமிமா தட்டை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையைக் கூப்பினாள்.

"இயேசப்பா, அப்பா செஞ்ச பொங்கலுக்கு நன்றி. இத்த சாப்பிட எங்களுக்கு பெலன் தாரும். ஆமென்."