பந்தி அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால்

கோயமுத்தூரில் ஓட்டல் முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து கவலைப்பட்டதைவிட, சாப்பிட வருகிறவர்களின் வயிற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவர் எங்கள் பந்தி அண்ணன்தான். இதில் மிகை கொஞ்சம் உண்டு. ரொம்ப இல்லை.

பம்புசெட் கம்பெனியில் அவர் எனக்குப் பக்கத்து மேஜை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் வீட்டுக்காரர் ஒருவர் பந்தியில் இலை இலையாக நின்று, "நல்லா சாப்புடுங்க, மெதுவா சாப்புடுங்க" என்று விசாரித்துக்கொண்டே போவார். கேட்காவிட்டால் வந்தவர்கள் திரும்பிப் போகும் பஸ் வெள்ளகோவில் தாண்டும் வரை அதையே பேசுவார்கள். 'பந்தி' என்று பேர் வாங்கித் தந்த அந்த வேலையை அண்ணன் மண்டபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் சிக்கல். காந்திபுரம் பேக்கரியில் பஸ்ஸுக்கு ஓடுகிறவனைக்கூட நிறுத்தி, "பன்னை மென்னு தின்னுங்க தம்பி, அடுத்த பஸ் வருமுங்க" என்பார்.

ஒரு முறை யாருக்கோ பிரமோஷன் வந்து, ஆர்.எஸ்.புரத்தில் புதிதாகத் திறந்த ஸ்டைலான ஓட்டலுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனோம். மங்கலான விளக்கு. ரசம் ஒயின் கிளாஸில் வந்தது. அகலமான தட்டின் நடுவே மூன்று குட்டி இட்லி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கறிவேப்பிலை. அண்ணன் தட்டைப் பார்த்தார். பிறகு பக்கத்து டேபிளைப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். எழுந்துவிட்டார்.

அங்கே ஒரு இளம் ஜோடி ஏதோ மனஸ்தாபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க தம்பி, கூச்சப்படாம சாப்புடுங்க. கண்ணு, ஏன் ஒண்ணுமே தொடலீங்க? இன்னும் ரெண்டு பணியாரம் வெக்கச் சொல்லட்டுங்களா?"

அண்ணனை ஓட்டல் முதலாளி என்று நினைத்த அந்தப் பையன், சாம்பார் இனிக்கிறது என்று புகார் சொன்னான். அண்ணன் நேராகச் சமையலறைக்குள் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார். கோட்டுப் போட்ட மேனேஜர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"சார், கஸ்டமர்ஸை டிஸ்டர்ப் பண்ணாதீங்க."

"சரிங்க. நீங்க சாப்புட்டீங்களா?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி தாண்டியிருந்தது. மனிதர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

பிறகு அண்ணன் மனைவி சரசக்காவுக்கு உடம்பு கெட்டது. நீண்ட வைத்தியத்துக்குப் பின் நோய் போனது. பசியும் கூடவே போய்விட்டது. வாய் கசக்கிறது என்று எதையும் தள்ளிவைத்தார். இப்படியே விட்டால் உடம்பு தாங்காது, எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊரையே சாப்பிடச் சொன்ன மனிதர் சொந்த வீட்டில் தோற்றுப்போனார்.

"நான் வாயத் தொறந்தாலே மொகத்தத் திருப்பிக்கறாளுங்க தம்பி" என்றார் ஒரு நாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே அந்த ஆர்.எஸ்.புரம் ஓட்டலுக்குப் போகலாம் என்றாராம். என்னையும் கூப்பிட்டார்கள். அன்று அண்ணன் யாரையும் கேட்கவில்லை. அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து அவர் கையிலிருந்த ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பூன் மேலே போனால் இவர் வாயும் திறந்தது. அது பாதி வழியில் இறங்கினால் இவர் வாயும் மூடிக்கொண்டது. சிரிக்க வேண்டிய காட்சிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா ஸ்பூனை வைத்துவிட்டார்.

"ஏனுங்க, இப்புடி என்ற வாயவே பாத்துட்டிருந்தா எப்புடீங்க எறங்கும்? அந்தக் கடைசி டேபிள்ல ஒரு பெரியவர் தனியா உக்காந்திருக்காரு பாருங்க. போயிக் கேட்டுப்போட்டு வாங்க."

"நீ சாப்புடு அம்மணி, அப்பறம் போறேன்."

"போங்கங்கறேன்."

தயங்கித் தயங்கிப் போனார். "ஐயா, மெதுவா சாப்புடுங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க" என்று அங்கிருந்து குரல் கேட்டது. அந்தப் பக்கமே பார்த்தபடி அக்கா ஒரு குட்டி இட்லியைச் சாம்பாரில் தொட்டு வாயில் போட்டார். வெகுநேரம் மென்றார். விழுங்கினார்.

அண்ணன் திரும்பி வந்தார். தட்டில் ஒன்று குறைந்திருப்பதைப் பார்த்தார். உட்காராமலே அடுத்த டேபிளுக்குப் போனார்.

அன்று அவர் ஒரு டேபிளையும் விடவில்லை. ஒவ்வொரு டேபிளுக்கும் அக்கா தட்டில் ஒரு வாய் குறைந்தது. அவரை உட்காரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த ஓட்டலில் இன்னும் நாலு டேபிள் போட்டிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.