மூன்று வரியும் ஒரு டப்பாவும்

"மாப்பிள்ளை! கடையை மூடப் போறோம்னு யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

வாசலிலிருந்து மாமனார் போட்ட சத்தத்தில், அடுக்கியிருந்த சூட்கேஸ்களே ஒரு தடவை அதிர்ந்தன. மாப்பிள்ளை கம்ப்யூட்டரை விட்டுவிட்டு வெளியே ஓடினார். கடையின் நெற்றியில் புது மின்பலகை சிவப்பாகப் பளிச்சிட்டது: 'கடையை மூடப் போகிறோம்'.

மாமனார் சொல்லி இவர் ஃபைலில் அடித்துவைத்தது மூன்று வரி. 'கடையை மூடப் போகிறோம்' முதல் வரி. 'என்று எவனோ கிளப்பிய புரளியை நம்பி' இரண்டாவது. 'ஏமாறாதீர்கள்!' மூன்றாவது. புரோகிராம் அந்த ஃபைலைப் படித்து, வேரியபிள் என்கிற டப்பாவில் போட்டு, டப்பாவைப் பலகைக்கு அனுப்ப வேண்டும். ஒழுங்காக நடந்தால் மேனேஜர் நாற்காலி. இல்லையென்றால் குடோனில் பெட்டி துடைக்கும் வேலை. மாமனாரின் பேரம் அது.

"ஒரு வரி படிச்சதும் நின்னுடுச்சு மாமா."

"நம்ம கடை ஆளுங்கதான் பாதி வேலையில நின்னுடுவாங்கன்னா மெஷினுமா?"

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. மூடுகிற கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்குமே! ஓர் அம்மாள் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். "இது பாதி விலைதானே?"

"மூடலைம்மா!"

"மூடாமலா போர்டு போட்டீங்க?"

மாப்பிள்ளை உள்ளே ஓடி, ஒவ்வொரு வரியாகக் கடைசிவரை படிக்கும்படி மாற்றினார். பலகையும் மாறியது: 'ஏமாறாதீர்கள்!'

அம்மாள் பெட்டியைக் கீழே போட்டாள். "நல்லவேளை, கடைக்காரரே சொல்லிட்டார்." அவள் பின்னாலேயே கூட்டமும் கலைந்தது.

"அதென்ன மாப்பிள்ளை, கடைசி வரி மட்டும்?"

"ஒவ்வொரு வரியும் வந்து முன்னாடி இருந்ததை டப்பாவை விட்டுத் தள்ளிடுச்சு மாமா."

"என் பழைய பார்ட்னர் மாதிரியே இருக்கே!"

இம்முறை மாப்பிள்ளை உஷாரானார். புரோகிராமை முதலில் முழுதும் படித்துக் கம்ப்யூட்டர் திரையில் காட்டச் சொன்னார். மூன்று வரியும் ஜம்மென்று வந்தன. அப்புறம், அதையே படித்து டப்பாவில் போடச் சொன்னார். பலகை இருண்டது.

"விளக்கைக்கூட அணைச்சுட்டாங்க, பாவம்" என்று தெருவில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

மாப்பிள்ளை மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். நகத்தைக் கடித்தபடி யோசித்துக் கண்டுபிடித்தார். "ஏற்கெனவே கடைசிவரைக்கும் படிச்சாச்சு மாமா. மறுபடி படின்னா, அதுக்கப்புறம் இருக்கிறதைத் தேடுது. அங்க ஒண்ணுமில்லை."

"ருசி பார்க்கிறேன்னு பானையைக் காலி பண்ணின கதை!"

ஃபைலை மூடினார்; புதிதாகத் திறந்தார்; ஒரே மூச்சில் முழுதும் படித்து டப்பாவில் போட வைத்தார். பலகையில் மூன்று வரியும் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

மாமனார் முகம் மலர்ந்தது. தன் கைக்குட்டையாலேயே மேனேஜர் நாற்காலியைத் தூசி தட்டினார். "உட்காருங்க மேனேஜர்!"

மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பலகையை அண்ணாந்து படித்தபடியே எதிர்க்கடைக்காரர் உள்ளே வந்தார்.

"நல்லா இருக்குண்ணே, நேத்து கடையை எனக்கு வித்துட்டு, மிச்சச் சரக்கு முழு விலைக்குப் போகணும்னு இன்னைக்குப் புரளின்னு போர்டு! அது கிடக்கட்டும், நாற்காலியும் சேர்த்துதானே விலை பேசினோம், மாப்பிள்ளையைக் கொஞ்சம் எழுந்திரிக்கச் சொல்லுங்க."